கோட்டை மலைமேல் உட்கார மாட்டேன் என்கிறதா? ஒட்டுப்படக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கொழுக்குமலையில் விடியற்காலை எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கீழே தேனிப் பக்கச் சமவெளி முழுக்க மேகம். கிழக்கே சூரியன் இப்போதுதான் தலை காட்டுகிறது. வலப்பக்கம் ஒரு பாறை முகடு, நான் நின்ற இடத்தை விட உயரமாக. அந்த முகட்டில் ஒரு கோட்டையை வைத்தால் மாயாஜாலக் கதைக்கு அட்டைப்படம் தயார் என்று ஆசைப்பட்டு, பவேரியாவின் நொய்ஸ்வான்ஸ்டைன் கோட்டைப் படத்தை வெட்டி வைத்தேன். மூன்று இரவு உட்கார்ந்தேன். நிறத்தை மாற்றினேன், பனிமூட்டம் போட்டேன், மறுபடி நிறத்தை மாற்றினேன். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஒட்டின மாதிரியே இருக்கு."

கோளாறு நிறத்தில் இல்லவே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கேள்வி உண்டு: கேமரா எந்த உயரத்தில் இருந்தது? சூரியன் எந்தப் பக்கம், எவ்வளவு மேலே இருந்தது? அடிப்படத்துக்கு (நாம் ஒட்டும் இடமான முதல் படம்) ஒரு விடையும் ஒட்டுகிற படத்துக்கு வேறொரு விடையும் வந்தால், எந்த ஸ்லைடரை இழுத்தாலும் ஒட்டாது. அதனால் கீழே உள்ளதை மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். முதலில் பார்வைக்கோணம், அடுத்து ஒளியின் திசை, அப்புறம் நிழல், மூட்டம், நிறம், கடைசியில் விளிம்பு. வரிசையைத் தலைகீழாகப் போட்டால் விளிம்புக்குச் செலவழித்த இரண்டு மணி நேரமும் வீண்.

கருவிகளின் பெயரைப் போட்டோஷாப் வழக்கில் சொல்கிறேன். கிம்ப், அஃபினிட்டி, கிருதா எல்லாவற்றிலும் இதே வேலையைச் செய்யலாம். பெயர் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

"எங்கே தப்பு என்று தெரியவில்லை, ஆனால் தப்பு"

முதலில் படத்தை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் உறுத்தினால் பார்வைக்கோணம், ஒளித்திசை, வெளிச்ச அளவு ஆகிய மூன்றில் ஒன்று தப்பு. சிறிதாக இருக்கும்போது நன்றாக இருந்து, பெரிதாக்கினால்தான் உறுத்துகிறது என்றால் விளிம்பு, கூர்மை, நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்). அதெல்லாம் சில்லறை வேலை.

அடுத்து, எல்லா லேயருக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்கள்) மேலே ஒரு கறுப்பு வெள்ளை அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்கள். நிறம் போனதும் கோட்டை படத்தோடு கலந்துவிட்டால் குற்றம் நிறத்தில் மட்டும்தான். கலக்காமல் துருத்திக்கொண்டு நின்றால் நிறத்தைத் தொடவே வேண்டாம், வெளிச்சத்தைப் பாருங்கள். மூன்றாவதாகப் படத்தை இடவலமாகப் புரட்டுங்கள் (கிருதாவில் எம் விசையைத் தட்டினால் போதும்). ஒரே படத்தை மணிக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சாய்வும் சரிவும் தெரியாது. புரட்டியதும் பளிச்சென்று தெரியும்.

"கோட்டை முன்னால் கவிழ்கிறது, கூரை தெரியக் கூடாத இடத்தில் கூரை தெரிகிறது"

என் முதல் தப்பு இதுதான். நொய்ஸ்வான்ஸ்டைன் என்றதும் நம் மனத்தில் வரும் படம் பெரும்பாலும் மரீயன் பாலத்திலிருந்து எடுத்தது. பொல்லாட் என்ற ஓடையின் பள்ளத்தாக்குக்கு மேலே, கோட்டைக்குத் தெற்கே இருக்கும் பாலம் அது. அந்தப் படத்தில் கோட்டைக்குப் பின்னால் சமவெளி விரிந்து கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடிவானம் கோட்டையின் அடித்தளத்துக்கு வெகு மேலே ஓடும். அப்படியென்றால் கேமரா கோட்டையின் அடியை விட நல்ல உயரத்தில் இருந்திருக்கிறது. என் கொழுக்குமலைப் படத்திலோ முகடு அடிவானத்துக்கு மேலே நிற்கிறது, அதாவது கேமராவை விட உயரம். ஓரளவு மேலிருந்து பார்த்த கோட்டையை, கீழிருந்து பார்க்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தேன். பிறகு எப்படி உட்காரும்?

சோதனை எளிது. அடிவானம் என்பது கேமராவின் கண்மட்டம். அடிவானக் கோடு ஒரு பொருளை எந்த இடத்தில் வெட்டுகிறதோ, அந்த இடம்தான் கேமராவின் உயரம். முதலில் அடிப்படத்தில் ஒரு கைடு கோடு போட்டு அடிவானத்தைக் குறியுங்கள். கடலோ சமவெளியோ தெரிந்தால் சிரமமில்லை. மலையின் உச்சிக்கோட்டை அடிவானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலை அடிவானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

வெட்டி எடுத்த கட்டடத்தில் அடிவானம் தெரியாதே என்றால், சுவரின் கிடைக்கோடுகளைப் பிடியுங்கள். ஒரே சுவரில் மேலே ஒரு சன்னல் வரிசை, கீழே ஒரு சன்னல் வரிசை. இரண்டையும் பின்னோக்கி நீட்டினால் ஒரு புள்ளியில் சேரும். அதுதான் மறைபுள்ளி. பக்கத்துச் சுவருக்கும் அதேபோல் ஒரு புள்ளி கண்டுபிடித்து இரண்டையும் இணைத்தால் அந்தக் கட்டடத்தின் அடிவானம் கிடைத்துவிடும். இதற்கு மெனக்கெட வேண்டாம் என்று நினைத்தால் இதைப் பாருங்கள்: கண்மட்டத்துக்கு மேலே உள்ள கிடைக்கோடுகள் தூரம் போகப்போக இறங்கும், கீழே உள்ளவை ஏறும். எந்தச் சன்னல் வரிசை ஏறாமலும் இறங்காமலும் மட்டமாக ஓடுகிறதோ, அதுவே கண்மட்டம்.

இரண்டு அடிவானமும் ஒரே உயரத்தில் சேரும்படி கட்டடத்தை நகர்த்துங்கள். சேர்த்ததும் கட்டடம் வேண்டிய இடத்தில் வந்தால் வெற்றி. பள்ளத்தாக்கில் தொங்கினால் அந்தப் படம் அந்த இடத்துக்கு ஆகாது. இங்கேதான் எல்லாரும் பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து இழுக்கிறார்கள். கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்ததால் கோபுரங்கள் மேலே குவிந்திருந்தால் அதை நிமிர்த்த அந்தக் கருவி உதவும். மேலிருந்து எடுத்த படத்தைக் கீழிருந்து எடுத்ததாக அது மாற்றாது. தெரிந்த கூரையை மறைக்கவும், தெரியாத மாடத்தின் அடிப்பக்கத்தைக் காட்டவும் அதற்கு வழியில்லை.

"ஆள் ராட்சசனாகத் தெரிகிறார், அல்லது குழந்தை அளவில்"

கண்ணால் அளவு பிடிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். தரை மட்டமாக இருந்து, நீங்கள் நின்றபடி எடுத்திருந்தால் கேமரா தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கும். ஆள் நிற்க வேண்டிய இடத்தில் பாதத்தை வைத்து, அங்கிருந்து அடிவானம் வரை செங்குத்தாக எத்தனை பிக்சல் என்று அளங்கள். 240 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அந்த 240 பிக்சல்தான் 1.5 மீட்டர். அப்படியானால் அந்த இடத்தில் 1 மீட்டருக்கு 160 பிக்சல். ஐந்தரை அடி ஆள், அதாவது 1.68 மீட்டர், சுமார் 270 பிக்சல் உயரம். தலையைத் தூக்கினால் 6 மீட்டர் வரும் டிராகனை அதே இடத்தில் நிறுத்தினால் 960 பிக்சல். ஆளைப் பின்னால் தள்ளினால் பாதத்துக்கும் அடிவானத்துக்கும் இடைவெளி குறையும், அளவும் தானே குறையும்.

இதனால்தான் சமதரையில் எடுத்த கூட்டப் படத்தில், அருகில் நிற்பவரும் தூரத்தில் நிற்பவரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் தலை வைத்திருக்கிறார்கள். டிரோன் படத்தில் இந்த 1.5 மீட்டர் செல்லாது. பறந்த உயரத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

"அளவு சரி, ஆனாலும் பொம்மைக் கோட்டை போல் இருக்கிறது"

கட்டடத்தின் அருகே நின்று வைட் ஆங்கிளில் எடுத்த படத்தைத் தூரத்து மலையில் வைத்திருப்பீர்கள். அருகே நின்றால் முன்சுவர் பெரிதாகவும் பின்சுவர் சட்டென்று சிறுத்தும் தெரியும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். லென்ஸைக் குறை சொல்வார்கள், ஆனால் இதைத் தீர்மானிப்பது தூரம்தான். டெலி லென்ஸ் அந்தத் தூரத்துப் பார்வையிலிருந்து ஒரு துண்டைப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவே. தூரத்தில் வைக்கப் போகும் கட்டடத்துக்குத் தூரத்திலிருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள். பின்புலத்தை மங்கலாக்கி அழகு பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பிரம்மாண்டமான நிலக்காட்சியில் மங்கல் கூடினால் மேசைமேல் வைத்த பொம்மை என்று கண் நினைத்துக்கொள்ளும்.

"சூரியன் பின்னால் இருக்கிறது, சுவரோ முன்னால் பளீரென்கிறது"

என் இரண்டாவது தப்பு, முதலாவதை விட மோசம். மரீயன் பாலம் கோட்டைக்குத் தெற்கே என்றேன் அல்லவா? அங்கிருந்து எடுக்கிறவர் வடக்கே பார்த்து நிற்கிறார். அந்த ஊர் வட அட்சம் 47 பாகைக்கும் மேலே இருக்கிறது. நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான். ஆக வெளிச்சம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து சுவரில் நேராக விழுகிறது. நானோ கிழக்கே பார்த்து, எழும் சூரியனை நேருக்கு நேர் எடுத்திருக்கிறேன். அந்த முகட்டில் உண்மையாகவே ஒரு கோட்டை இருந்தால், நம்மைப் பார்த்த அதன் சுவர் முழுவதும் நிழலில்தான் இருக்கும்.

ஒட்டும் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று துப்பறிய, முதலில் கூரை விளிம்பின் கீழே சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். சூரியன் சுவருக்கு நேர் எதிரே இருக்கும்போது, கூரை நீட்டிக்கொண்டிருக்கும் அளவும் நிழல் இறங்கியிருக்கும் அளவும் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகை உயரத்தில். நிழல் நீளமாக இறங்கினால் சூரியன் அதற்கும் மேலே. ஆள் படமென்றால் மூக்கு நிழலும் தாடை நிழலும் சொல்லிவிடும்.

வெளிச்சம் இடத்துக்கு வலமாக மட்டும் மாறியிருந்தால் படத்தைப் புரட்டிவிட்டால் போதும். சட்டைப் பொத்தான், கல்வெட்டு, கொடி எழுத்து எதுவும் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னொளியைப் பின்னொளியாக்குவதுதான் பெரும்பாடு. நான் செய்து பார்த்த வழி இது.

கோட்டை லேயர்மேல் கிளிப்பிங் மாஸ்க்காக, அதாவது கோட்டையை மட்டும் பாதிக்கும்படி, ஒரு கர்வ்ஸ் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கருவி) போட்டு வெளிச்சத்தை இறக்குங்கள். எவ்வளவு? அடிப்படத்தில் அதே தூரத்தில் நம்மைப் பார்த்து நிற்கும் பாறையின் சிவப்பு, பச்சை, நீல எண்களை (0 இருட்டு, 255 முழு வெளிச்சம்) இன்ஃபோ பேனலில் படியுங்கள்; அதுதான் அளவுகோல். சுண்ணாம்புக் கல் சுவர் பாறையை விட வெளிர் என்பதால் கொஞ்சம் கூடுதலாக விடலாம். கொஞ்சம்தான். அடுத்து நிறம்: பின்னொளியில் முன்சுவருக்குக் கிடைப்பது எதிர்ப்பக்க நீல வானத்தின் வெளிச்சம், அதனால் சுவர் லேசாக நீலம் பாய வேண்டும். மூன்றாவது, விளிம்பொளி. சூரியனைப் பார்த்திருக்கும் ஓரங்களில் மட்டும் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு இளமஞ்சள். அந்த நிறத்தை உங்கள் படத்திலேயே புல் நுனியிலிருந்து எடுங்கள், கற்பனையிலிருந்து வேண்டாம். விளிம்பொளியைக் கோட்டையைச் சுற்றிலும் வளையம் போட்டதுபோல் வரைந்துவிடுகிறார்கள். அப்போது அது சாமி படத்து ஒளிவட்டம்தான். கடைசியாக, பளீர் வானம் கோட்டை ஓரத்தில் கொஞ்சம் கசிய வேண்டும். பின்புலத்தின் மங்கலாக்கிய நகல் ஒன்றைக் கோட்டைக்குள் மட்டும் தெரியும்படி மாஸ்க் செய்து (மற்ற இடத்தை மறைத்து), ஸ்கிரீன் மோடில் (கீழுள்ளதை வெளிறச் செய்யும் கலப்பு முறை), ஓரத்தோடு நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் பிறகு, சுவரில் ஏற்கெனவே விழுந்திருக்கும் கூரை நிழல்கள் மிச்சம் நிற்கும். பின்னொளியில் அவை இருக்கவே கூடாது. இரண்டு மூன்று என்றால் குளோன் செய்து அழிக்கலாம். நொய்ஸ்வான்ஸ்டைனில் அத்தனை சன்னல், அத்தனை மாடம். நான் முப்பதாவது நிழலில் கைவிட்டேன்.

எனவே ஒட்டுவதற்கென்று படம் எடுக்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு மேகமூட்டமான நாள்தான். வெயில் நாளில் எடுத்த கட்டடம் அழகாக இருக்கும், ஆனால் அது ஏற்கெனவே ஒரு சூரியனோடு கல்யாணம் ஆனது. மூட்டத்தில் எடுத்ததற்கு எந்தப் பக்கமிருந்தும் வெளிச்சம் வரைந்துகொள்ளலாம்.

"நிழல் மையைக் கொட்டின மாதிரி இருக்கிறது"

சுத்தக் கறுப்பில் வரைந்து ஒபாசிட்டியை (லேயரின் அழுத்தத்தை) குறைத்த நிழல் எப்போதும் காட்டிக்கொடுக்கும். வெளியில் விழும் நிழலுக்குள் சூரியன்தான் இல்லை, வானம் இருக்கிறது. ஃபிலிம் காலத்துப் பழைய விதிப்படி நல்ல வெயிலுக்கு லென்ஸ் திறப்பு எஃப்16 என்றால் திறந்த நிழலுக்கு எஃப்5.6. மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்). அத்தனையும் இருட்டு இல்லை.

நிழலின் நிறத்தை அடிப்படத்திலிருந்தே கணக்காக எடுக்கலாம். ஒரே வகைத் தரையில், உதாரணமாகக் காய்ந்த புல்லில், வெயில் பட்ட இடம் ஒன்று, நிழல் பட்ட இடம் ஒன்று. என் படம் ஒன்றில் சிவப்பு, பச்சை, நீலம் முறையே வெயிலில் 182, 160, 110. நிழலில் 74, 78, 70. நிழல் எண்ணை வெயில் எண்ணால் வகுத்து 255ஆல் பெருக்கினால் 104, 124, 162 வரும். இந்த நிறத்தை மல்டிப்ளை மோடில் (கீழுள்ளதை இருட்டாக்கும் கலப்பு முறை) வைத்து நிழலை வரையுங்கள், ஒபாசிட்டி முழுதாக. நீலம் அதிகமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். புல்லின்மேல் விழுந்ததும் பக்கத்து மரத்தின் நிஜ நிழலோடு இழையும்.

நிழலின் ஓரம் எல்லா இடத்திலும் ஒரே கூர்மையில் இருக்காது. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம். அதனால் நிழலை உண்டாக்கும் நுனியிலிருந்து நிழல் விழும் இடம் எவ்வளவு தூரமோ, அதில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்கு ஓரம் மங்கும். 30 மீட்டர் கோபுரம், சூரியன் 30 பாகையில் என்றால் உச்சியிலிருந்து நிழல் நுனிக்கு 60 மீட்டர். அங்கே மங்கல் அரை மீட்டருக்கு மேல். கோபுரத்தின் காலடியில் கத்தி போல் கூர்மை. ஒரே அளவு காஸியன் பிளர் (மங்கலாக்கும் கருவி) போட்டால் இது வராது. கூர்மையாக ஒன்று, மங்கலாக ஒன்று என்று இரண்டு நகல் வைத்து, படிப்படியாக மறையும் கிரேடியன்ட் மாஸ்க்கால் கலக்குங்கள். நீளத்துக்கும் கணக்கு உண்டு: 45 பாகையில் நிழல் ஆள் உயரம், 30இல் 1.7 மடங்கு, 15இல் 3.7 மடங்கு.

கால் தரையைத் தொடும் இடத்தில் வானமும் எட்டாத மெல்லிய இருட்டு ஒன்று இருக்கும். மூட்டமான நாளிலும் இருக்கும். மிதக்கிற ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு கோடுதான் குறை.

"நிழல்கள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன"

சூரிய நிழல்கள் இணையானவை, படத்திலோ இணையாகத் தெரியாது. சூரியன் படத்துக்குள் இருந்தால், சூரியனிலிருந்து நேர் கீழே அடிவானத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எல்லா நிழலும் அங்கிருந்து கிளம்பி நம்மை நோக்கி விசிறியாக விரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் என்றால் நிழல்கள் நம்மை விட்டு விலகி, எதிரே அடிவானத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். தீப்பந்தமோ விளக்கோ என்றால், புள்ளி அடிவானத்தில் இல்லை. விளக்கின் நேர் கீழே தரையில்.

"தூரத்துக் கோட்டை கண்முன்னே வந்து நிற்கிறது"

காற்றின் வேலை இது. தூரம் கூடக்கூடக் கறுப்பு வெளிறும். வெண்மையை விடக் கறுப்புதான் முதலில் மாறும், அதனால் கறுப்பை அளங்கள். கொழுக்குமலைப் படத்தில் முன்னால் உள்ள புதரின் ஆகக் கறுத்த இடம் 14, 16, 15. இரண்டாவது மலைவரிசையில் 58, 70, 84. கடைசி வரிசையில் 121, 137, 156. கோட்டை இரண்டாவது வரிசையில் நிற்க வேண்டுமானால், அதற்குள் எந்தப் புள்ளியும் 58, 70, 84க்குக் கீழே போகக் கூடாது. லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை எல்லைகளை மாற்றும் கருவி) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து, அவுட்புட் கறுப்பை முறையே அந்த எண்களுக்கு உயர்த்துங்கள். அவுட்புட் வெள்ளையையும் அந்த வரிசையின் ஆக வெளிச்சமான இடத்துக்கு இறக்குங்கள். ஒரு நிமிட வேலை, ஆனால் கோட்டை சட்டென்று இரண்டு கிலோமீட்டர் பின்னால் போய் நிற்கும்.

பிரஷ்ஷால் வெள்ளைப் புகை தடவுவது இதற்கு மாற்று ஆகாது. பள்ளத்தாக்கில் நிஜமாகவே பனி கிடந்தால் கோட்டையின் அடிப்பகுதியில் கூடுதலாகவும் உச்சியில் குறைவாகவும் அதைச் சேர்க்கலாம், மூட்டக் கணக்கை முடித்த பிறகு. சூரியன் இருக்கும் பக்கம் மூட்டம் வெளிச்சமாகவும் மஞ்சளாகவும், எதிர்ப்பக்கம் நீலமாகவும் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

"வானம் மட்டும் தனியாக இருக்கிறது"

வானத்தை மாற்றுவது புதிய வித்தை இல்லை. 1850களில் பிரான்சின் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடல் படங்களுக்குக் கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து, அடிவானத்தில் சேர்த்து அச்சிட்டார். அன்றைய கொலோடியன் தகடு (ரசாயனம் பூசிய கண்ணாடி நெகட்டிவ்) நீலத்துக்கு மட்டும் மிகையாக உணர்ந்ததால், கடலுக்கு ஏற்ற நேரம் திறந்தால் வானம் வெளுத்துப் போகும். சேர்க்கும் இடமாக அவர் அடிவானத்தைப் பிடித்ததை இன்றைக்கும் பின்பற்றலாம்.

2020இல் போட்டோஷாப்பில் வானத்தைத் தானே மாற்றும் ஸ்கை ரீப்ளேஸ்மென்ட் வந்த பிறகு மாஸ்க் போடும் வேலை போய்விட்டது; யோசிக்கும் வேலை போகவில்லை. அண்ணாந்து எடுத்த வானத்தில் மேகங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். நிலக்காட்சிக்கு வேண்டியது அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து அடுக்காகிற மேகம். அப்புறம், தரையில் கூர்மையான நிழல் இருந்தால் வானம் முழுக்க மேகம் மூடியிருக்க முடியாது. கறுத்த புயல்மேகம் போட ஆசை இருந்தால் மூட்டத்தில் எடுத்த தரையைத் தேடுங்கள்.

வானவில் போடுகிறவர்களுக்கு: அது சூரியனுக்கு நேர் எதிரே, 42 பாகை ஆரத்தில் வரும். தரை நிழல்கள் அதன் நடுவை நோக்கிப் போக வேண்டும். சூரியனும் வானவில்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

"நிலாவைப் பெரிதாக வைத்தேன், சிரிக்கிறார்கள்"

நிலாவும் அரைப் பாகைதான். முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸில் எடுத்த 6000 பிக்சல் படத்தில் நிலா சுமார் 36 பிக்சல். 600 பிக்சல் நிலா வேண்டுமானால் 400 மி.மீ. லென்ஸ் போட்டிருக்க வேண்டும். அப்போது முன்னால் உள்ள மலையும் அந்த லென்ஸில் எடுத்ததுபோல் இருக்க வேண்டும். இது கற்பனை உலகம், எங்கள் நிலா பெரிது என்றால் தாராளமாக. அளவுக்கு விலக்கு உண்டு, ஒளிக்குக் கிடையாது. பிறையின் ஒளிர்ந்த பக்கம் சூரியனைத்தான் பார்க்கும். முழு நிலவு சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் வரும், அஸ்தமனத்தின் பக்கத்தில் வராது. பிறையின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் வைக்காதீர்கள்; அங்கே நிலாதான் இருக்கிறது. பகல் வானத்தில் ஸ்கிரீன் மோடில் வையுங்கள். இருண்ட பகுதி வானத்தின் நிறத்திலேயே கரைந்துவிடும். ஐரோப்பாவில் எடுத்த பிறை பெரும்பாலும் நம் ஊர்ப் பிறையை விட நிமிர்ந்து நிற்கும். நம் ஊரில் மாலைப் பிறை பல மாதங்களில் படகுபோல் மல்லாந்து கிடக்கும். அடிப்படம் நம் மலை என்றால் அதைத் திருப்பிவிடுங்கள்.

"ஏரியில் பிம்பம் ஒட்டவில்லை"

தலைகீழாகப் புரட்டினால் பிம்பம் வந்துவிடும் என்பது தூரத்துப் பொருளுக்குத்தான் ஓரளவு பொருந்தும். பிம்பம் என்பது, கேமரா நீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு கீழேயிருந்து பார்த்த காட்சி. அதனால் அருகில் உள்ள படகின் பிம்பத்தில் அடிப்பக்கம் தெரியும், உட்பக்கம் தெரியாது. கரைக்குப் பின்னால் தள்ளி நிற்கும் கோட்டையைக் கரைக்கோட்டில் மடிக்கக் கூடாது. கோட்டையின் நேர் கீழே நீர்மட்டம் நீண்டிருந்தால் எங்கே வந்திருக்குமோ அங்கே மடிக்க வேண்டும். அடிப்பாகத்தைக் கரை மறைத்துக்கொள்ளும். நம் காலடி நீரில் பிம்பம் மங்கி உள்ளே கல் தெரியும், தூரம் போகப்போகக் கண்ணாடியாகும்.

விளிம்பில் வெள்ளைக் கோடு, சன்னல் விளக்கு, வழவழப்பு

வெள்ளைக் கோட்டுக்கு டீஃப்ரிஞ்ச் (ஓர நிறத்தை நீக்கும் கட்டளை) ஒரு பிக்சல் போதும். மாஸ்க்கின் ஓரம், அடிப்படத்தில் அதே தூரத்தில் உள்ள பொருளின் ஓரத்தைவிடக் கூர்மையாக இருக்கக் கூடாது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்; கூடினால் நாய்ஸும் கூடும்) 1600இல் எடுத்த அடிப்படத்தில் ஐஎஸ்ஓ 100 கோட்டை பிளாஸ்டிக் போல் வழவழக்கும். எல்லாம் முடிந்த பிறகு மேலே ஒரே நாய்ஸ் லேயர் போடுங்கள். சன்னலில் விளக்கு வைத்தால் அது சன்னல் திண்டிலும் பக்கச் சுவரிலும் கொஞ்சம் சிந்த வேண்டும். சூரியன் படத்துக்குள் இருக்கும்போது விளக்கே தெரியாது, அந்த ஆசையை விட்டுவிடலாம்.

"எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஒட்டவில்லை"

அப்படியென்றால் ஒட்டும் படத்தை மாற்றுங்கள். நான் அதைத்தான் செய்தேன். வன்வட்டில் தேடியபோது, பல வருடம் முன்பு செஞ்சிக் கோட்டையில் ஒரு மாலை எடுத்த கல்யாண மகால் (கோபுரம்போல் உயர்ந்த கட்டடம்) படம் கிடைத்தது. கீழே தரையில் நின்று, அண்ணாந்து, சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்தது. எடுத்த அன்று "சுவரெல்லாம் இருட்டு" என்று ஒதுக்கிய படம். கூர்மாடத்தின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. கொழுக்குமலையில் சூரியனும் முகட்டுக்கு இடப்பக்கம்தான். லேசாக நிமிர்த்தி, லெவல்ஸில் 58, 70, 84 போட்டு, மாஸ்க் ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கி வைத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. நொய்ஸ்வான்ஸ்டைன் லேயரை இன்னும் அழிக்கவில்லை, அதன் கண் குறியை மட்டும் மூடி மறைத்து வைத்திருக்கிறேன்.